எகிப்திய வண்டுத் தாயத்து: அடிப்புறத்தைப் படிப்பது எப்படி?

எகிப்தியப் பிரிவு உள்ள அருங்காட்சியகங்களில் ஒரு கண்ணாடிப் பேழை நிறையச் சின்னச் சின்னக் கல் வண்டுகள் வரிசையாக இருக்கும். பெயர் ஸ்காரப். முதுகு உப்பியது, வயிறு தட்டை, நீளம் பெரும்பாலும் 1 முதல் 2.5 சென்டிமீட்டர். பார்க்க வருபவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த மம்மிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயமோ அடியில், தட்டையான பக்கத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. கவிழ்த்து வைத்த வண்டோ, பக்கத்தில் அடிப்புறத்தின் வரைபடமோ இருந்தால், முதலில் அங்கே பாருங்கள்.

எகிப்திய எழுத்து தெரியாதவர்கூட ஏழெட்டுக் குறிகளை மனதில் வைத்துக்கொண்டால் பல ஸ்காரப்களில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாசிப்பது அத்தனை கடினமில்லை. வாசித்ததிலிருந்து முடிவுக்கு வருவதில்தான் சறுக்கல். அடியில் ஓர் அரசனின் பெயர் இருப்பதாலேயே அந்தத் தாயத்து அந்த அரசன் காலத்தது ஆகிவிடாது.

ஏன் சாணி உருட்டும் வண்டு?

ஸ்காரபேயஸ் சேசர் என்ற இனம் சாணியை உருண்டையாக்கி, தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகும். வானத்தில் சூரியனை யாரோ இப்படித்தான் உருட்டுகிறார்கள் என்று எகிப்தியர் கண்டார்கள். காலைச் சூரியனுக்குக் கெப்ரி என்று பெயர். அவன் வண்டு உருவம், அல்லது தலையிருக்கும் இடத்தில் முழு வண்டே அமர்ந்த மனித உருவம். உச்சிவேளையில் அதே சூரியனுக்கு 'ரே' என்று பெயர், அந்தியில் 'ஆட்டும்' என்று பெயர்.

மண்ணுக்குள்ளிருந்து புது வண்டு தானாக முளைத்து வருவதாகவும் பழங்காலத்தில் நம்பினார்கள். இந்த இனத்தில் பெண்ணே கிடையாது என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். உண்மையில் தரையில் உருளும் உருண்டை பெரும்பாலும் சாப்பாடு. முட்டை இருப்பது நிலத்தடியில் தாய் வண்டு செய்யும் வேறோர் உருண்டையில், அதுவும் பேரிக்காய் வடிவில். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர் பொறுமையாகத் தோண்டிப் பார்த்துச் சொன்னது இது.

இன்னொரு காரணம் எழுத்து. சித்திர எழுத்தில் வண்டின் படத்தை 'கெப்பெர்' என்று படிக்க வேண்டும். உருவாதல், ஆகுதல், தோற்றம் கொள்ளுதல் என்பது பொருள். ஆக, வண்டு அணிந்தவர் ஓர் உருவத்தோடு ஒரு வினைச்சொல்லையும் அணிந்திருந்தார். அரசர் பெயர்களில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காரப் தாயத்துகள் ஏறத்தாழ கி.மு. 2200–2100 வாக்கில் தலைகாட்டுகின்றன. முதலில் அடியில் வெறும் கோலங்கள். பெயரும் பட்டமும் பொறிக்கும் வழக்கம் மத்திய அரசுக் காலத்தில், அதாவது 12, 13ஆம் வம்சங்களில் பெருகியது.

உறுப்புகள்

மேலிருந்து பார்த்தால் மூன்று பகுதி. முன்னால் தலை. அதன் முன்விளிம்பு பல் பல்லாக இருக்கும், நிஜ வண்டு அதை மண்வாரியாகப் பயன்படுத்தும். அடுத்து மார்பு ஓடு. அதன் பின்னால் நடுவில் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்த இறக்கை மூடிகள். பக்கவாட்டில் கால்கள்: சிலவற்றில் தனித்தனியாகக் குடைந்து எடுத்திருப்பார்கள், மலிவானவற்றில் வெறும் பள்ளக் கோடு. தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஒரு துளை. அதில் நூல் கோத்தார்கள், அல்லது கம்பி நுழைத்து மோதிரமாக்கினார்கள். மோதிரத்தில் வண்டு சுழலும். சாதாரணமாக முதுகு வெளியே தெரியும், எழுத்து விரலில் படிந்திருக்கும். முத்திரை குத்தும்போது திருப்பிக்கொள்வார்கள்.

முதுகு வெறும் அலங்காரமில்லை. காலக்கணிப்பு பெரும்பாலும் இந்தப் பகுதிகளை வைத்தே நடக்கிறது. இறக்கை மூடிகளின் தோள்பட்டையில் 'வி' வடிவ வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் 18ஆம் வம்சம் அல்லது அதற்குப் பிந்தையது. தலையின் வடிவம், கால்களின் வெட்டு, கோடுகளின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் வகைப்பட்டியல் உண்டு.

செய்த விதம்

மிகப் பெரும்பாலானவை மாக்கல்லில் செய்தவை. நம் கல்சட்டி செய்யும் கல்தான். நகத்தாலேயே கீறலாம் என்பதால், ஒரு சென்டிமீட்டர் பரப்பில் பத்துக் குறிகளைப் பொறிக்க இதைவிட வசதியான கல் கிடையாது. ஆனால் அவ்வளவு மென்மையான கல் மோதிரத்தில் தாங்குமா? சூளை அதைச் சரிசெய்துவிடுகிறது. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கல்லில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, அது என்ஸ்டடைட் என்ற கெட்டியான கனிமமாக மாறுகிறது. அதே சூளையில் மேலே பூசிய கண்ணாடிப்பூச்சும் உருகிப் பிடித்துக்கொள்ளும். பூச்சில் செம்பு சேர்த்ததால் நீலமும் பச்சையும்.

வேலை வரிசை இப்படி: கல்லைச் சிறு கட்டிகளாக அறுப்பது, வண்டு வடிவத்துக்குச் சீவுவது, துளையிடுவது, முதுகும் காலும் செதுக்குவது, அடியைத் தேய்த்துத் தட்டையாக்கிப் பொறிப்பது, பூச்சு, சூளை. துளையை இரண்டு முனையிலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைத்தார்கள். ஒரே பக்கத்திலிருந்து போட்டால் மறுமுனையில் கல் சிம்பு தெறிக்கும். இரு துளைகளும் நேர்கோட்டில் சந்திக்காமல் நடுவில் ஒரு படி விழுந்திருப்பதை உடைந்த ஸ்காரப்களில் பார்க்கலாம். பூச்சு கெட்டியாகிவிட்டால் இன்னொரு தொல்லை: அது பள்ளங்களில் தேங்கி எழுத்தை மூடிவிடும். நன்றாகப் பொறித்த ஸ்காரப் ஒன்று மங்கலாகத் தெரிந்தால் கைவினைஞரின் உளி மேல் பழிபோடுவதற்கு முன் பூச்சைப் பாருங்கள்.

பேழையில் இருப்பவை பல வெள்ளையாக, மஞ்சளாக, பழுப்பாகத்தான் இருக்கும். ஈர மண்ணில் பூச்சு சிதைந்துபோனதன் விளைவு அது. அணிந்த காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை பளபளக்கும் பச்சை அல்லது நீலம்.

இரண்டாவது பொருள் ஃபெயன்ஸ். பெயரைப் பார்த்து மண்பாண்டம் என்று நினைக்க வேண்டாம். இதில் களிமண் கிடையாது. பொடித்த குவார்ட்ஸ் 92 முதல் 99 சதவீதம், சுண்ணாம்பு 1 முதல் 5 சதவீதம், மிச்சம் நேட்ரான் என்ற இயற்கை உப்பு அல்லது செடிச்சாம்பலின் காரம், நிறத்துக்குச் செம்பு. தண்ணீர் விட்டுப் பிசைந்து சுடுமண் அச்சில் அழுத்தி எடுத்தார்கள். ஒரு முறையில், உலர உலரக் கார உப்பு தானாக மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாகப் படியும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடிப்பூச்சாகும். உலரும் பொருளைக் கையால் தொட்டால் படலம் உதிர்ந்து, அந்த இடம் சுட்டபின் மொட்டையாக நிற்கும். அச்சில் எடுப்பதால் எண்ணிக்கை பெருகும், கூர்மை குறையும். நைல் கழிமுகத்தில் கிரேக்கர் குடியிருந்த நௌக்ராட்டிஸ் நகரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஸ்காரப் பட்டறை ஒன்றை 1884–85 அகழாய்வில் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி கண்டெடுத்தார். அங்கே அச்சுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

செவ்வந்திக்கல், சூதுபவளம், ஜாஸ்பர், லாபிஸ் லசூலி போன்ற கெட்டிக் கற்களிலும் செய்தார்கள். செவ்வந்திக்கல் வண்டுகள் அழகானவை, ஆனால் அடியில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. அவ்வளவு கெட்டியான கல்லில் பொறிக்க யாருக்குப் பொறுமை! துட்டன்காமுனின் மார்பணி ஒன்றின் நடுவில் இருக்கும் மஞ்சள்பச்சை வண்டு லிபியப் பாலைவனத்தில் இயற்கையாகக் கிடக்கும் கண்ணாடியில் வெட்டியது என்பது 1990களில்தான் தெரியவந்தது.

தாயத்தா, முத்திரையா?

இரண்டும்தான். பெட்டி, கதவு, ஜாடி, சுருட்டிய பாப்பிரஸ் கடிதம், எதுவானாலும் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண் அப்பி, ஸ்காரப்பின் அடியை அழுத்துவார்கள். உலர்ந்த களிமண்ணை உடைக்காமல் முடிச்சை அவிழ்க்க முடியாது. திறந்ததும் உடைந்த மண் வில்லை குப்பைக்குப் போகும். அந்தக் குப்பைதான் இன்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். எகிப்துக்குத் தெற்கே நூபியாவில், நைலின் இரண்டாம் நீர்வீழ்ச்சிப் பகுதியிலுள்ள யுரோனார்ட்டி கோட்டையில் இத்தகைய வில்லைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. வில்லையின் முன்பக்கம் யார் முத்திரையிட்டார் என்று சொல்லும், பின்பக்கத்தில் பதிந்த கயிற்றுத் தடமும் மரத்தின் ரேகையும் எதற்கு முத்திரையிட்டார் என்று சொல்லும். முத்திரையிட்ட அதிகாரிக்கு அதே கல் காவலாகவும் இருந்தது. இறந்தபின் உடலோடு போனது.

அப்படியானால் அச்சில் எழுத்து இடவலமாகப் புரண்டுவிடாதா? புரளும். எகிப்திய எழுத்துக்கு அதனால் நட்டமில்லை. அதை வலமிருந்தும் எழுதலாம், இடமிருந்தும் எழுதலாம்.

வாசிக்கும் முறை

முதலில் வண்டின் தலை இருக்கும் பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறிகளில் பறவை, பாம்பு, மனிதர் ஏதாவது உண்டா என்று தேடுங்கள். அவை எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். மேலும் கீழுமாக இருந்தால் மேலே இருப்பது முதலில்.

அடுத்து, குறிகளைச் சுற்றி நீள்வட்டக் கட்டம் இருக்கிறதா? அதற்குக் கார்டூஷ் என்று பெயர். உள்ளே இருப்பது அரசப் பெயர். ஆனால் ஸ்காரப்பில் அடிப்புறமே நீள்வட்டம் என்பதால், பல இடங்களில் தனிக் கட்டம் போடாமல் விளிம்புக் கோட்டையே கட்டமாக வைத்துக்கொண்டார்கள். கட்டம் இல்லை, எனவே அரசன் பெயர் இல்லை என்று முடிவுகட்டுவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் பிழை.

இனிக் குறிகள். வட்டம் சூரியன், 'ரே'. வண்டு 'கெப்பெர்'. மேல்விளிம்பில் காய்கள் நிற்கும் நீண்ட ஆட்டப்பலகை 'மென்', நிலைத்திருப்பது. அரைவட்டக் கூடை 'நெப்', தலைவன். தலையில் இறகு சூடி அமர்ந்த பெண், அல்லது இறகு மட்டும், 'மாத்': உண்மை, ஒழுங்கு. உயர்த்திய இரு கைகள் 'கா', உயிராற்றல். மேலே வளையம் கொண்ட சிலுவை 'அன்க்', உயிர். இதயமும் மூச்சுக்குழலும் சேர்ந்த குறி 'நெஃபெர்', நன்மை, அழகு.

ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடவுளின் பெயரை மரியாதைக்காக முன்னால் எழுதுவார்கள், வாசிக்கும்போது அதன் உரிய இடத்தில் வாசிப்பார்கள். எனவே மேலே வட்டம், நடுவில் ஆட்டப்பலகை, கீழே வண்டு என்றிருந்தால் 'ரே-மென்-கெப்பெர்' அல்ல, மென்கெப்பெர்ரே. மூன்றாம் துட்மோஸின் அரியணைப் பெயர் அது. வண்டோடு மூன்று சிறு கோடுகள் சேர்ந்தால் அது பன்மை: மென்கெப்பெரூரே, அதாவது நான்காம் துட்மோஸ். மூன்று கோடுகளில் அரசனே மாறிவிடுகிறான். தேய்ந்த ஸ்காரப்பில் அந்தக் கோடுகள்தான் முதலில் மறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டம், மாத், கூடை வந்தால் நெப்மாத்ரே, மூன்றாம் அமென்ஹோடெப். வட்டம், வண்டு, மூன்று கோடு, கூடை என்றால் நெப்கெப்பெரூரே. உலகம் அறிந்த துட்டன்காமுன்தான்.

கூடையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அடிப்புறத்தின் வளைந்த முனை காலியாக இருந்தால் அதை நிரப்பவும் கூடையைப் போட்டார்கள். பெயரின் பகுதியா, இடம் நிரப்பியதா என்பதைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அரசப் பெயர் இல்லையென்றால் அதிகாரியின் ஸ்காரப்பாக இருக்கலாம். அங்கே முதலில் பட்டம், பிறகு ஆள் பெயர். பொருளாளர், அரண்மனைக் கண்காணிப்பாளர் போன்ற பட்டங்களை இப்படிக் காணலாம். கடைசியில் 'வாழ்வை மீண்டும் பெறுபவர்' போன்ற ஒரு தொடர். மத்திய அரசுக் காலத்தின் பிற்பகுதியில் பெயரைச் சுற்றிச் சுருள் வளைவு ஓரம் கட்டுவது வழக்கம், பார்த்தவுடன் தெரியும். கடவுளை வாழ்த்தும் சொற்களும் புத்தாண்டு வாழ்த்துகளும் வரும் ஸ்காரப்களும் உண்டு.

எதற்கும் பிடிபடாத வரிசை வந்தால், அது வாசகமே இல்லாமலும் இருக்கலாம். கி.மு. 17, 16ஆம் நூற்றாண்டுகளில் கானான் நாட்டுப் பட்டறைகள், அதாவது இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகளில் இருந்தவை, எகிப்திய ஸ்காரப்பைப் பார்த்துத் தாங்களும் செய்தன. அ, ந, ர என்ற ஒலிக்குறிகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிய ஒரு வகை அங்கே ஏராளம். அவற்றில் பொருள் தேடி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுத்தின் மந்திரத்தன்மை போதும், வாசகம் வேண்டாம் என்று செய்தவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

மென்கெப்பெர்ரே என்னும் பொறி

மூன்றாம் துட்மோஸ் ஆண்டது ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1425 வரை. ஸ்காரப்களில் மிக அதிகமாகக் கிடைக்கும் அரசப் பெயர் அவனுடையது. அவன் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் அந்தப் பெயரைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். வெற்றி வீரனின் பெயர் என்பதால் அதுவே காப்பு மந்திரமாகிவிட்டது. போதாதென்று, 21ஆம் வம்சக் காலத்தில் தீப்ஸ் நகரின் தலைமைப் பூசாரி ஒருவருக்கும் மென்கெப்பெர்ரே என்றே பெயர். பிரெஞ்சு அறிஞர் எட்டியென் டிரியோட்டோன் இன்னும் ஒரு படி போனார்: மூன்று குறிகளின் மறைமுக ஒலிமதிப்பைச் சேர்த்தால் ஆமுன் கடவுளின் பெயர் வருகிறது என்றார். சில ஸ்காரப்களுக்கு இது பொருந்தும் என்று ஏற்பவர்கள் உண்டு. எதற்கெடுத்தாலும் ஆமுனைக் கண்டுபிடிப்பதாக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு, அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, பெயர் கொடுப்பது ஒரு பக்க எல்லை மட்டும்: இந்தத் தாயத்து அந்த அரசனுக்கு முந்தையது அல்ல. பிந்தைய எல்லைக்கு முதுகு, கால், பொருள், பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக எந்தக் கல்லறையில் எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற பதிவு வேண்டும். ஒரு மண்ணடுக்கில் மென்கெப்பெர்ரே ஸ்காரப் கிடைத்ததும் 'கி.மு. 15ஆம் நூற்றாண்டு' என்று எழுதிவிடுவது ஆபத்து. அதற்கும் வெகு பிந்திய அடுக்குகளிலும் அது கிடைக்கிறது. தாயத்துகள் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும் பொருள்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அரசனின் அறிவிப்புகள்

மூன்றாம் அமென்ஹோடெப் (ஏறத்தாழ கி.மு. 1390–1352) ஸ்காரப்பைச் செய்தித்தாளாக்கினான். சாதாரணத் தாயத்தைவிடப் பல மடங்கு பெரிய வண்டுகளின் அடியில் வரிவரியாக நீண்ட வாசகம். இன்று 200க்கும் மேற்பட்டவை தெரியும், தெற்கே நூபியாவிலிருந்து வடக்கே சிரியா வரை கிடைத்துள்ளன. ஐந்து செய்திகள். அரசி தியேயின் பெயரும் அவளுடைய தந்தை யுயா, தாய் துயா பெயர்களும் ஒன்றில். இரண்டாம் ஆட்சியாண்டில் நடந்த காட்டுக்காளை வேட்டை ஒன்றில்: 170 காளைகள் கொண்ட மந்தையில் 96 வீழ்ந்தன. முதல் பத்தாண்டுகளில் அரசன் தன் கையால் அம்பெய்து கொன்ற சிங்கங்கள் 102 என்கிறது மூன்றாவது, இதுதான் மிக அதிகமாகக் கிடைப்பது. பத்தாம் ஆண்டில் வட சிரியப் பகுதியை ஆண்ட மித்தானி அரசின் இளவரசி கிலுகெபா 317 பெண்களோடு வந்தது நான்காவது. தியேக்காக 3,700 முழ நீளமும் 700 முழ அகலமும் கொண்ட ஏரி வெட்டியது ஐந்தாவது. எகிப்திய அரச முழம் சுமார் 52 சென்டிமீட்டர், எனவே ஏரியின் நீளம் 1.9 கிலோமீட்டர் அளவு வரும்.

இதயத்தின் மேல் வைத்தது

இது தனி வகை. மோதிரத்துக்கோ முத்திரைக்கோ அல்ல, மம்மிக்கு மட்டும். மம்மி செய்யும்போது மூளையை எடுத்துவிடுவார்கள், இதயத்தை உள்ளேயே விடுவார்கள். நினைவும் அறிவும் இதயத்தில் இருப்பதாக நம்பிக்கை. மறுமையில், இறந்தோரின் கடவுளான ஓசிரிஸ் முன்னிலையில் இதயத்தைத் தராசில் ஒரு தட்டிலும் மாத்தின் இறகை மறுதட்டிலும் வைப்பார்கள். கனத்துப்போன இதயத்தை, முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் விழுங்கிவிடும். பயம் என்னவென்றால், வாழ்ந்தபோது செய்ததெல்லாம் தெரிந்த இதயமே உண்மையைச் சொல்லிவிட்டால்?

அதைத் தடுக்கத்தான் இதய ஸ்காரப். நீளம் பொதுவாக 4 முதல் 10 சென்டிமீட்டர், கரும்பச்சைக் கல். அடியில் 'இறந்தோர் நூல்' என்ற மந்திரத் தொகுப்பின் 30பி மந்திரம், பல வரிகளில். 'என் தாயிடமிருந்து வந்த என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே, மன்றத்தில் என்னை எதிர்க்காதே' என்பது அதன் போக்கு. எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பும் மந்திரத்தோடே வரும்: பச்சைக் கல், விலையுயர்ந்த உலோகச் சட்டம், வெள்ளி வளையம். பலருக்கு அந்த வசதி இல்லாததால் சட்டமும் வளையமும் இல்லாதவையே அதிகம். மிகப் பழையவற்றில் ஒன்று 17ஆம் வம்ச அரசன் சோபெகெம்சாஃபுடையது. தங்கத்தில் பதித்த பச்சை ஜாஸ்பர், வண்டுக்கு மனித முகம். இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டறைகள் இவற்றை முன்கூட்டியே செய்து, பெயருக்கு இடம் விட்டு வைத்திருந்தன. வாங்கியபின் பெயர் நிரப்புவார்கள். அந்த இடம் கடைசிவரை காலியாகவே கிடக்கும் ஸ்காரப்களும் உண்டு. மந்திரம் தெளிவாக இருக்கிறது, யாருக்காக மன்றாடுகிறது என்பது மட்டும் இல்லை.

பிற்காலத்தில் இறக்கை விரித்த நீல ஃபெயன்ஸ் வண்டுகள் வருகின்றன. உடல் ஒன்று, இறக்கைகள் தனியே இரண்டு, ஓரங்களில் தைக்கச் சிறு துளைகள். மம்மியின் மணிவலையில் மார்புக்கு நேராகத் தைப்பார்கள். அவற்றின் அடியில் பெரும்பாலும் எழுத்து இருக்காது.

போலிகள்

19ஆம் நூற்றாண்டிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்காக ஸ்காரப் செய்வது லக்சரில் ஒரு தொழில். எகிப்தின் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருள் வியாபாரமே தடை. அங்கே கடையில் கிடைக்கும் 'உண்மையான பழைய' ஸ்காரப் ஒன்று போலி, அல்லது குற்றம்.

பழையதில் துளையின் வாய் நூல் உராய்ந்து மழுங்கியிருக்கும். புதியதில் விளிம்பு கூர்மையாகவே இருக்கும், சிலவற்றில் துளை மறுபக்கம் வரை போகவே போகாது. உடைந்த முகத்தின் மேலும் பூச்சு படிந்திருந்தால் உடைத்துவிட்டுப் பூசியிருக்கிறார்கள். பிசினில் வார்த்தவற்றின் பக்கவாட்டில் அச்சு சேரும் கோடு தெரியும். எழுத்தில், பல அரசர்களின் குறிகள் ஒரே கட்டத்தில் கலந்து கிடக்கும்.

கைதேர்ந்தவர்கள் செய்த போலி அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கிறது. எகிப்திய அரசன் நெக்கோ அனுப்பிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பயணத்தை விவரிக்கும் இரண்டு பெரிய ஸ்காரப்கள் விற்பனைக்கு வந்தன. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்துக்காக அவற்றை வாங்கவும் செய்தார்கள். அமென்ஹோடெப்பின் அறிவிப்பு ஸ்காரப்களே முன்மாதிரியாக இருந்ததால் வடிவத்தில் சந்தேகம் வரவில்லை. 1908இல் பெர்லினில் எகிப்தியவியல் அறிஞர்களான அடோல்ஃப் எர்மானும் ஹைன்ரிஷ் ஷேஃபரும் கல்லை விட்டுவிட்டு வாசகத்தின் மொழியைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, இரண்டும் போலி என்று காட்டினார்கள்.